பெட்டியின் முதுகில் ஒட்டிய சீட்டு

மலாயா சுதந்திரம் அடைந்த மறு வருடம், மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. இடம், மலாக்கா நகரத்தை ஒட்டியிருக்கும் காஜா பெராங். மத்தியானம் ஒன்று இருபதிலிருந்து இரண்டரை மணிக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பக்கத்தைப் பார்க்காமலே சொல்லவும் முடியும்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பண்டார் ஹிலிரில் ஒரு சரக்குக் கிடங்கில் கிராணி வேலை, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை, பார்த்தேன். மாலை வேளைகளில் ஐந்து பேர் சேர்ந்து நடத்திய சிறிய இசைக்குழுவில் பேஸ் வாசிப்பேன். ராட்சத வயலின் மாதிரி ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய மர பேஸ்.

அந்த நாளில் மலாக்காவில் மின்சாரக் கிட்டாரும் ஆம்ப்ளிபையரும் கடையில் போய்ப் புதிதாக வாங்கும் பொருள்கள் அல்ல. ஊருக்குத் திரும்பும் பட்டாளத்து வெள்ளைக்காரர் ஒன்றை விற்றுவிட்டுப் போவார். சிங்கப்பூரில் வாசிக்கும் ஒருவர் புதிது வாங்கிவிட்டுப் பழையதைக் கொடுத்தனுப்புவார். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் எங்களிடம் வந்து சேரும். வாசிப்பவர்கள் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. விற்பவர் பொருளின் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். கிட்டாரின் கழுத்து வளைந்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். பேஸின் வயிற்றில் ஒட்டுப் போட்டிருந்தால் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். சொன்ன பிறகு வாங்கியவர் குறைபட்டுக்கொள்ளக் கூடாது. சொல்லாமல் விற்றவரிடம் அதற்குப் பிறகு யாரும் எதையும் வாங்கமாட்டார்கள்.

எங்கள் குழுவில் கிட்டார் வாசித்தவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. தன் கிட்டாரையும் ஆம்ப்ளிபையரையும் நல்ல ஆளாகப் பார்த்து விற்றுக் கொடுக்கும்படி என்னிடம் விட்டுவிட்டுப் போனார். ஆம்ப்ளிபையரை நாங்கள் ‘பெட்டி’ என்றுதான் சொல்வோம். இந்தப் பெட்டியை ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் ஒரு சீனர் பழைய ரேடியோச் சாமான்களை வைத்துக் கட்டியிருந்தார். சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு குறை உண்டு. அதை அந்த ரேடியோக்காரரே எனக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார்.

பெட்டியில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. இரண்டு முனைப் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் எல்லாம் சரி. திருப்பிச் செருகினாலும் பாட்டு அதே மாதிரிதான் கேட்கும். ஆனால் அப்போது பெட்டியின் இரும்புச் சட்டத்திலும் கிட்டார் கம்பிகளிலும் மின்சாரம் நிற்கும். காய்ந்த பலகையில் செருப்போடு நிற்கிறவருக்கு விரலில் லேசாகச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றாலோ, ஒரு கை கம்பியில் இருக்கும்போது மறு கையால் பூமியோடு இணைந்த இரும்பைத் தொட்டாலோ, ஆள் பிழைப்பது கஷ்டம். அதனால் எங்கே கொண்டுபோனாலும் முதலில் டெஸ்டரை, மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் சின்னத் திருப்புளியை, பெட்டியின் திருகாணியில் வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்டரின் கைப்பிடிக்குள் விளக்கு எரிந்தால் பிளக்கைத் திருப்பிச் செருக வேண்டும்.

எனக்கு எதையும் எழுதி வைத்துவிட வேண்டும். நல்ல வெள்ளைத் தாளில், மையால், முத்து முத்தாக நான்கு வரி எழுதினேன். எங்கே செருகினாலும் முதலில் டெஸ்டர் வைத்துப் பார்க்கவும். விளக்கு எரிந்தால் பிளக்கைத் திருப்பவும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தொட வேண்டாம். மாறினால் உயிருக்கு ஆபத்து. அந்தத் தாளைப் பெட்டியின் முதுகில் ஒட்டினேன். ஒரு டெஸ்டரையும் நூலில் கட்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். ஒட்டி முடித்துச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

வாங்க வந்தவர் காஜா பெராங் கம்பத்தில், அதாவது குடியிருப்பில், இருக்கும் ஒரு மலாக்கா செட்டி. நாற்பது வயது இருக்கும், மரப்பட்டறையில் வேலை. நல்ல விரல். நெற்றியில் திருநீறு, பெயர் முருகனுடைய பெயர். பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த இந்தச் செட்டிகள் எங்களைப் போலவே கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். இது எனக்குத் தெரியாததல்ல. அன்று அரை மணி நேரம் நாங்கள் பேசியதும் மலாயில்தான். நான் அவரை ‘அபாங்’ என்றேன், அண்ணன் என்பது போல. அவர் என்னைக் ‘கிராணி’ என்றார். கிட்டாரை வாசித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. சாமானை ஏற்றிப்போக வாசலில் நின்ற மூன்று சக்கர டிரைஷாக்காரர் மழை வருகிறதென்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். என் மலாய் பாசாரில் மீன் வாங்கப் போதும், மின்சாரத்தை விளக்கப் போதாது. அதனால் பெட்டியின் முதுகைக் காட்டி, இதை அவசியம் படித்துப் பார்க்க வேண்டும், படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். எந்த எழுத்தைப் படிக்கத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இது வியாழக்கிழமை. சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை. ஒரு மணிக்குக் கிடங்கை அடைத்துவிட்டுக் கோப்பிக் கடைக்குப் போனேன். எங்கள் குழுவில் தபேலா வாசிக்கும் தையற்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். என்னைவிட இளையவர், எதையாவது சொல்லிக் கிண்டல் செய்யாமல் அவருக்குக் கோப்பி இறங்காது.

“என்னண்ணே, இப்பல்லாம் பெட்டிக்கு மந்திரம் எழுதி ஒட்டித்தான் விக்கிறீங்களாமே?”

எனக்குப் புரியவில்லை. அவர் காலையில் பாசாரில் அந்தச் செட்டிக்காரரைப் பார்த்திருக்கிறார். பெட்டியின் பின்னால் தமிழில் எழுதியிருந்ததைச் செட்டிக்காரருடைய அக்கா பார்த்தாராம். கோயிலில் இருக்கிற எழுத்து, இசைக்காரர்கள் பூஜை பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாராம்.

“என் தபேலாவுக்கும் ஒண்ணு எழுதி ஒட்டுங்கண்ணே. தாளம் தப்பாம இருக்கட்டும்.”

நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் நான் சிரிக்கத்தான் செய்தேன். சிரித்து முடிப்பதற்குள் டெஸ்டர் ஞாபகம் வந்தது. கைப்பிடியில் ஒரு டெஸ்டர் கட்டியிருந்தேனே, அதை என்ன செய்தார் என்று கேட்டேன்.

“அந்தக் குட்டி ஸ்க்ரூ டிரைவரா? சட்டைப் பையில குத்தி வச்சிருக்காரு. கிராணி தங்கமானவர், திருப்புளிகூடச் சும்மா குடுத்தார்னு ஒரே புகழ்ச்சி. அதைவிடுங்க, கம்பியைத் தொட்டா விரலெல்லாம் சுருக்கு சுருக்குன்னு ஏறுதாம். மின்சாரக் கிட்டார்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு சந்தோஷமாச் சொல்றாரு.”

கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அவர் இப்போது எங்கே என்றேன். இன்று அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம், சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு அவர் பாடி வாசிக்கப் போகிறார், மைக் செட்டெல்லாம் வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்று பதில் வந்தது. கடைச் சுவரில் கடிகாரம் ஒன்று இருபது காட்டியது. காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் தூறலாகியிருந்தது.

வீட்டில் அவர் பலகைத் தரையில் நின்று வாசித்திருக்கிறார், அதனால் சுருக்கென்றதோடு போயிற்று. கல்யாணப் பந்தலில் மண் தரை, இன்று முழுக்கச் சேறு. ஒலிபெருக்கி செட்காரர்கள் எப்போதும் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து மைக்கைப் பூமியோடு இணைத்திருப்பார்கள். இடது கை கிட்டார் கம்பியில் இருக்கும். பாடுகிறவர் மைக்கைத் தன் பக்கம் இழுப்பார், அல்லது உதட்டைக் கொண்டுபோய் வைப்பார். அந்த ஒரு தொடுதல் போதும்.

இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். தையற்காரருக்கு இன்னும் விளங்கவில்லை. “வித்த சாமானைத் திருப்பிப் பிடுங்கவா போறீங்க? பேர் கெட்டுப்போகும்ணே,” என்று பக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தார். மூச்சு வாங்கியபடி நான் விஷயத்தைச் சொன்னேன். தாளில் எழுதிய நான்கு வரியையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவரும் வேகமாக மிதித்தார்.

ஆற்றுப் பாலத்தில் ஒரு லாரி நின்றுபோய் வழி அடைபட்டிருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவே நுழைந்தேன். திட்டினார்கள், காதில் வாங்கவில்லை. நகரத்தைத் தாண்டிய பிறகு ஓரிடத்தில் சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர். இறங்கித் தள்ளியபோது செருப்பு இரண்டும் சேற்றில் போயின. நின்று தேட மனம் வரவில்லை.

கம்பத்துச் சந்தின் முனைக்கு வந்தபோது ஒலிபெருக்கியில் ஒரு மலாய்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. இசைத்தட்டு ஓடினால் மைக்கை இன்னும் யாரும் எடுக்கவில்லை என்று அர்த்தம். நான்கைந்து மிதி மிதித்திருப்பேன், பாட்டு நின்றது. ஓர் ஆண் குரல் இப்போது வரும், வந்து பாதியில் அறுந்துபோகும் என்று எதிர்பார்த்தபடியே மிதித்தேன். வந்தது கிட்டார் சத்தம். ஒரே ஒரு கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டிச் சுருதி சேர்க்கும் சத்தம். அந்த நிமிஷம் அவர் உயிரோடு இருக்கிறார். கம்பியில் கை வைத்தபடி இருக்கிறார்.

பந்தலுக்குள் ஓடினேன். மண்ணெண்ணெய்ப் பெட்டிகளை அடுக்கிப் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, சாரோங், காலில் புதுத் தோல் சப்பாத்து என்று அவர் மேடையில் நின்றார். அந்தச் சப்பாத்துதான் அதுவரை அவரைக் காப்பாற்றியிருக்கிறது. மைக் ஓர் அடி தூரத்தில் பளபளவென்று நின்றது. நாற்காலியில் பெட்டி. அதன் வயர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போயிற்று. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“மைக்கைத் தொடாதீங்க!” என்று கத்தினேன்.

தமிழில் கத்தினேன். இரண்டு நாளுக்கு முன் செய்த அதே தவற்றை இரண்டாம் தடவை செய்தேன். அவருக்குப் புரிந்தது ‘மைக்’ என்ற ஒரு சொல். கிராணி கல்யாணத்துக்கு வந்திருக்கிறார், மைக்கில் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேச ஆசைப்படுகிறார் என்று நினைத்திருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பாக, மைக்கை எடுத்து எனக்குக் கொடுப்பதற்காக வலது கையை நீட்டினார். இடது கை கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபடியே இருந்தது.

“ஜாங்கான்!”

வேண்டாம், செய்யாதே என்பதற்கு மலாய்ச் சொல் அது. மலாக்காவில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். என் வாயில் அது வருவதற்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. அவருடைய கை மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அப்படியே நில்லுங்கள், எதையும் தொடாதீர்கள், கீழே இறங்காதீர்கள் என்று மலாயில் சொல்லிக்கொண்டே பெட்டியின் சுவிட்சை அணைக்கப் பாய்ந்தேன். யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

“அண்ணே, உங்க கை ஈரம். கால்ல செருப்பும் இல்ல. நீங்க எழுதினதுதானே,” என்றார் தையற்காரர்.

என் முகத்துக்கு நேரே, இரண்டடி தூரத்தில் பெட்டியின் முதுகு இருந்தது. சந்தனம் வழித்து, நடுவில் வட்டமாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் முத்து முத்தாக எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் படிக்கும்படி இல்லை.

தையற்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி மலாயில் சத்தம் போட்டார். உள்ளே இருந்த அக்கா, எதற்கு என்று கேட்காமல் சுவிட்சை அணைத்தார். பெட்டியின் சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. அதற்குப் பிறகுதான் செட்டிக்காரர் நீட்டிய கையை மடக்கினார்.

துண்டு வாங்கிக் கையைத் துடைத்தேன். பலகைமேல் ஏறி, அவர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக்கொண்டேன். மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லி டெஸ்டரைத் திருகாணியில் வைத்தேன். மழை மூட்டத்தில் அந்தச் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குத் தெரிந்த மலாயில் தட்டுத் தடுமாறி விளக்கினேன். அவர் டெஸ்டரைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பிறகு தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அக்கா வாசற்படியில் வந்து நின்றார். கல்யாணப் பெண்ணின் தாயார் அவர்தான். அவர் மலாயில் சொன்னது தமிழில் இப்படி வரும்.

“இவ்வளவு தெரிந்த கிராணிக்கு, மலாயில் இரண்டு வார்த்தை எழுதத் தெரியாமல் போய்விட்டதா?”

தம்பி அக்காவைக் கையமர்த்தினார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குரலைத் தாழ்த்தி, “நீங்கள் படிக்கத் தெரியுமா என்று கேட்டீர்கள், தெரியும் என்றேன். ரூமி எழுத்து நன்றாகப் படிப்பேன். நான் பொய் சொல்லவில்லை, கிராணி,” என்றார். மலாயை ஆங்கில எழுத்தில் எழுதுவதைத்தான் ரூமி என்பார்கள். தமிழ் எழுத்தை அவர்கள் கோயிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அதனால் அதைச் சாமி சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். வெட்கப்பட வேண்டியவன் நான். அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

பிளக்கைத் திருப்பிச் செருகினோம். டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. மைக்கிலும் வைத்தேன், எரியவில்லை. இன்னொரு தடவை இரண்டிலும் பார்த்தேன். இனிப் பயமில்லை, வாசிக்கலாம் என்றேன். அவர் கிட்டார் பக்கம் கையைக் கொண்டுபோனார். விரல் கம்பிக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. கல்யாணக் கூட்டம் முழுவதும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்கள் முதலில்.”

பலகையில் நின்று தொட்டுக் காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. அது அவருக்கும் இப்போது தெரியும். மேடையிலிருந்து சேற்றில் இறங்கினேன். தையற்காரர், “வேண்டாண்ணே, ரெண்டு தரம் பார்த்தாச்சு, போதும்,” என்று மெதுவாகச் சொன்னார். வீட்டில் மனைவியும் இரண்டு வயது மகளும் சாப்பிடாமல் எனக்காகக் காத்திருப்பார்கள் என்பது ஞாபகம் வந்தது. டெஸ்டரை நம்பும்படி ஊருக்கு எழுதி ஒட்டியவன் நான். அதை நம்பி ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்க வேண்டி வந்தபோது மூன்றாம் தடவையும் அதைத் திருகாணியில் வைத்துப் பார்த்தேன்.

இடது கையால் ஆறு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தேன். வலது கையை நீட்டி மைக்கைப் பிடித்தேன். இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. வேறொன்றும் இல்லை. விடாமல் பத்து வரை எண்ணினேன், மலாயில், சத்தமாக. மைக்கில் அது கம்பம் முழுக்கக் கேட்டிருக்கும். ஏழு வந்தபோது பந்தலில் யாரோ சிரித்தார்கள். பத்து வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் முதலில் ஒரு விரலால் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கிட்டாரை மாட்டிக்கொண்டார். மைக்கை மட்டும் காலால் மூன்றடி தள்ளி வைத்துவிட்டு, அந்தத் தூரத்திலிருந்தே தொண்டை கிழியப் பாடினார். ஜோகெட் என்கிற மலாய் ஆட்டப் பாட்டு. வயதான பெண்கள் எழுந்து ஆடினார்கள். என்னையும் தையற்காரரையும் சேற்றுக் காலோடு உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். அக்கா என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் இரண்டு தடவை வந்து என் தட்டில் மீனை வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பெட்டியை நானே தூக்கிக்கொண்டு ரேடியோக்காரரிடம் போய், அதற்கு டிரான்ஸ்பார்மர் போடச் செய்து கொண்டுவந்து கொடுத்தேன். அதன் பிறகும் எத்தனையோ கிட்டார்களும் பெட்டிகளும் என் கை வழியாகப் போயின. இப்போதெல்லாம் குறையை நான் சொல்வதோடு விடுவதில்லை. வாங்குகிறவர் அவருக்கு வருகிற மொழியில் அதை எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்ன பிறகுதான் பொருளிலிருந்து கையை எடுப்பேன். சிலர் இதற்காக என்னைக் கேலி செய்வதும் உண்டு. எனக்கு வருத்தமில்லை. ஒன்றை ஒருவரிடம் சொல்லிவிட்டோம் என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம், அது அவரைப் போய்ச் சேராத இடைவெளியில் ஓர் உயிர் கையை நீட்டிச் சிரித்தபடி நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.